அக்காவின் இடத்துக்கு வந்தவள்

1

என் அத்தான் அனுப்பும் தபாலை மட்டும் நான் நின்றுகொண்டே பிரிப்பேன். உட்கார்ந்து படிக்கிற மரியாதையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அத்தான் என்றால் என் அக்கா விசாலத்தின் புருஷன். மதுரை வில்லாபுரத்தில் உரக்கடையும் பூச்சிமருந்துக் கடையுமாக வைத்திருக்கிறார், பெரிய மனிதர். தெருவில் அவர் நடந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி வணக்கம் சொல்வார்கள். இறங்கட்டும், அவர்கள் கால், அவர்கள் சைக்கிள்.

அக்கா இறந்து சில வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் அவள் நினைவு நாளுக்கு அத்தான் பேப்பரில் விளம்பரம் கொடுப்பார். அதைக் கத்தரித்து, பர்மிங்ஹாமில் இருக்கும் எனக்கு அனுப்பியும் வைப்பார். நான் பார்த்து உருக வேண்டுமாம். கல்யாணத்தில் எடுத்த அக்காவின் படம், அதன் கீழே ‘பூவோடும் பொட்டோடும் சுமங்கலியாக இறைவனடி சேர்ந்த எங்கள் குலவிளக்கு’ என்று எழுத்து, அதற்கும் கீழே உரக்கடையின் பெயர். கடையின் பெயர் அக்காவின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும்.

அக்கா கருப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்தாள். விளம்பரத்தில் அது வராது. வில்லாபுரத்தில் யாரைக் கேட்டாலும் ‘வயித்துக் கோளாறு’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் கடைசி மாதம் நான் லீவு போட்டுப் போய் அவள் பக்கத்தில் இருந்தேன். வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உயிர் போனதும் அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து உட்கார வைத்தபோது, துக்கத்துக்கு வந்த பெண்கள் என் காது படவே சொன்னார்கள்: “குடுத்து வச்ச மகராசி. புருஷன் உசுரோட இருக்கையில போயிட்டா.” ஒருத்தி அவள் காலில் விழுந்து அந்தக் குங்குமத்தை எடுத்துத் தானும் வைத்துக்கொண்டாள். நோயைப் பற்றிக் கேட்க ஒருத்திக்கும் நாக்கு இல்லை, செத்த விதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட மட்டும் இருந்தது.

இந்த வருஷம் அந்த விளம்பரம் வந்த அதே வாரம், எங்கள் தெரு டாக்டரின் ஆபீசிலிருந்தும் எனக்கு ஒரு தபால் வந்தது. பரிசோதனைக்கு வரச் சொல்லி அழைப்பு. இந்தக் குறிப்புகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

2

இந்த ஊரில் பெண்களுக்கு ஒரு பரிசோதனை செய்கிறார்கள். கருப்பை வாயில் ஒரு சின்ன மரக்குச்சியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். ‘ஸ்மியர்’ என்று பெயர். புற்றுநோய் வருவதற்கு வருஷக்கணக்கில் முன்பே அந்த இடத்துச் செல்கள் மாற ஆரம்பிக்குமாம். அப்போதே கண்டுபிடித்தால் சின்ன வைத்தியத்தோடு போய்விடுமாம். அக்கா இந்த ஊரில் பிறந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்பதை நான் அந்த டாக்டர் ஆபீசில் காத்திருந்த நாற்காலியில் வைத்துத்தான் முதன்முதலாகப் புரிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வெளியே வந்து, “மிஸஸ் கருப்பையா!” என்று கூவினாள்.

கருப்பையா என்பவர் என் மாமனார். என் கணவரின் இனிஷியலை விரித்து எழுதச் சொன்ன பாஸ்போர்ட் ஆபீஸ்காரன், அதையே குடும்பப் பெயராக்கி விட்டான். திருத்தச் சொல்லி நாங்கள் பல ஆபீஸ் ஏறி இறங்கிவிட்டோம், எல்லோரும் சிரித்துப் பேசி அனுப்பிவைத்தார்கள், ஒருவரும் திருத்தவில்லை. உயிரோடு இருந்தவரை என் முன்னால் சட்டையில்லாமல் நிற்கக் கூசிய அந்த மனிதரின் பெயரைச் சொல்லி அழைத்து, என்னைச் சேலையைத் தூக்கிக்கொண்டு மேசையில் படுக்கச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரனின் ஒழுங்கு இதுதான். எல்லாம் எழுத்தில் இருக்கும், அதில் மனுஷன் மட்டும் தப்பாக இருப்பான்.

டாக்டர் வயதான அம்மாள், முரட்டுக் கம்பளிப் பாவாடையும் நரைத்த கொண்டையுமாக இருந்தார். வேலை முடிந்ததும் என் அக்காவைப் பற்றிச் சொன்னேன். கூடப் பிறந்தவளுக்கு வந்ததால் எனக்கும் வருமோ என்று கேட்க நினைத்தேன். அவர் என்னைப் பற்றிக் கவலைப்படுகிற மாதிரியே தெரியவில்லை.

“உங்கள் அக்காவின் கணவர் வேறு பெண்களிடம் போகிறவரா?” என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை மதுரையில் கேட்டிருந்தால் கேட்டவரை ஊரை விட்டே விரட்டியிருப்பார்கள். நான் யோசிக்கவேயில்லை. “ஆமாம்” என்றேன்.

“அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டாரா?”

“ஆமாம்.”

“அந்தப் பெண்ணுக்கு இந்தச் சோதனை செய்தார்களா?”

“தெரியாது” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். உடலுறவில் தொற்றும் ஏதோ ஒரு கிருமிதான் இதற்குக் காரணம் என்று சந்தேகப்படுகிறார்களாம், எது என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். ஆண் அதை எங்கிருந்தாவது வாங்கி வருவான், அவனுக்கு ஒன்றும் ஆகாது, வீட்டில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுவான். முதல் மனைவி இந்த நோயில் போயிருந்தால் இரண்டாவது மனைவியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆணுறை போட்டால் முழுசாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆபத்து குறையும் என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். செல்வியின் முகம்தான் கண் முன்னால் நின்றது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். அக்கா செத்து ஒரு வருஷம் திரும்புவதற்குள் அத்தான் அவளைக் கட்டிக்கொண்டார். அவர் வயதில் பாதிகூட இருக்காது. கல்யாணம் ஆன புதிதில் எனக்கு இரண்டு வரி எழுதியிருந்தாள், ‘அக்கா, உங்க அக்கா பிள்ளைகள நல்லாப் பாத்துக்கிறேன்’ என்று.

3

இதற்கு அக்காவின் கதையைச் சொல்லாமல் தீராது.

அக்காவுக்கு இரண்டும் பெண். வாரிசுக்கு ஆண் வேண்டும் என்பது அந்த வீட்டில் அரிசி பருப்பு மாதிரி அன்றாடப் பேச்சு. அத்தான் மாதத்தில் பாதி நாள் ‘லைனு’க்குப் போவார். ஊர் ஊராகப் போய் உரத்துக்கு ஆர்டர் பிடிப்பதற்கு அப்படிப் பெயர். ஆர்டர் பிடித்த ஊர்களில் அவருக்கு வேறு என்னென்ன பிடிபட்டது என்பது கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் முதல் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். “ஆம்பளைன்னா அப்பிடி இப்பிடித்தான்” என்று அவள் மாமியார் சொல்லுவார். தன் மகனின் யோக்கியதையை இத்தனை சுருக்கமாகச் சொல்லத் தாய்க்குத்தான் வரும்.

அக்காவுக்கு இடையிடையே ரத்தம் படத் தொடங்கியது. மாதவிலக்கு முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி வரும். அந்த வீட்டில் விலக்கானால் ஒதுங்கி உட்கார வேண்டும், தனித் தட்டு, தனிப் பாய். கணக்குத் தப்பி அவள் ஒதுங்கியதும் மாமியார் ஒரு முடிவுக்கு வந்தார். புத்திசாலி அம்மாள். ரத்தம் பட்டால் கரு கலைந்துவிட்டது என்று அர்த்தம், கலைந்தது கட்டாயம் ஆண்தான் என்றார். பெண் பிள்ளை என்றால் தங்கியிருக்குமாம்!

ஆக, அக்காவுக்கு ரத்தம் பட்ட ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டில் பிறக்காத ஒரு பையனுக்குத் துக்கம் கொண்டாடினார்கள். கஷாயம் கொடுத்தார்கள். கயிறு கட்டினார்கள். அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் மாவிளக்கு போட்டார்கள். எல்லாம் செய்தவர்களுக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகத் தோன்றவில்லை. அதைவிடக் கொடுமை, கலைந்த பையனை ஈடுகட்ட அத்தானை லைனிலிருந்து சீக்கிரம் வரச் சொல்லி ஆள் விட்டார்கள். அந்த மகாராசரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உதவினார்.

நாற்றம் வரத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே பார்த்தவர்கள், ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார்களாம். “கரு நிக்கலைன்னு நெனச்சோம்” என்றாராம் அத்தான். படித்தவர், அவர் பி.ஏ. பாஸ்.

4

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் டெலிவிஷன் பார்த்துக்கொண்டே, “உங்க அக்காவே போயாச்சு. அந்தப் பொண்ணு நமக்கு யாரு?” என்றார். முத்தையா தங்கமான மனிதர், இங்கே கார் தொழிற்சாலையில் வேலை. ஆனால் எந்த விஷயமும் வயிற்றுக்குக் கீழே போனால் அவர் எழுந்து போய்விடுவார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மகள் ரேவதி, டாக்டர் கொடுத்த துண்டுக் காகிதத்தை உரக்கப் படித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவாள், இங்கிலீஷில் இதையெல்லாம் கடையில் சோப்பு விலை கேட்கிற மாதிரிப் படிப்பாள். உறை, உறவு, துணைவர் எண்ணிக்கை என்று அவள் படிக்கப் படிக்க, முத்தையா தட்டோடு முன்னறைக்குப் போனார்.

“பெரியப்பாவ யாரும் போலீஸ்ல பிடிக்கலையாம்மா?” என்று ரேவதி கேட்டாள்.

“அவரைப் பிடிச்சா மதுரையில பாதிப் பேரைப் பிடிக்கணும்டி.”

“பிடிக்க வேண்டியதுதானே?”

இந்த ஊர் என் மகளை என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகிறது என்று தமிழ்ச் சங்கத்தில் நானும் மற்ற அம்மாக்களோடு சேர்ந்து ஒப்பாரி வைத்தவள்தான். அன்றைக்கு அவள் கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. கொண்டுபோகட்டும் என்றிருந்தது.

செல்விக்கு எழுதினால் அத்தான்தான் பிரித்துப் படிப்பார். கடையில் வைத்து நாலு பேருக்கு வாசித்தும் காட்டுவார். போன் இருப்பதும் உரக்கடையில். ட்ரங்க் கால் போட்டு, பொட்டாஷ் மூட்டைகளுக்கு நடுவில் நிற்கிற மனிதரிடம் அவர் மனைவியின் கருப்பை வாயைப் பற்றிப் பேச முடியுமா? நேரில் போவது தவிர வழியில்லை.

நான் இங்கே தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். அவசர லீவு கேட்டேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாள் மேலாளர். என் இறந்துபோன அக்காவின் கணவரின் இரண்டாவது மனைவிக்கு, இன்னும் சரியில்லாமல் போகவில்லை, போகக்கூடாது என்றுதான் லீவு என்றேன். அவள் தன் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படி ஒரு உறவு இதில் இல்லை என்றாள். எங்கள் வழக்கத்தில் செல்வி ‘அக்கா இடத்துக்கு வந்தவள்’, எனக்குத் தங்கைதான். தங்கை என்று எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

5

வில்லாபுரம் வீட்டில் அக்காவின் படத்துக்கு மாலை தொங்கியது. முன்னால் ஒரு புதுச் சேலை மடித்து வைத்திருந்தார்கள். சுமங்கலியாகப் போனவளுக்கு வருஷா வருஷம் சேலை வைத்துக் கும்பிட்டு, அதை வீட்டுப் பெண்ணைக் கட்டச் சொல்வது அங்கே வழக்கம். செல்விதான் கட்டுவாள். உயிரோடு இருந்தபோது அக்கா ஒரு நல்ல சேலைக்கு மூன்று தீபாவளி காத்திருக்க வேண்டியிருந்தது.

அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என்னைப் பார்த்ததும் அத்தை அழுதார். அழுது முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“இவளுக்கும் தங்கமாட்டேங்குதும்மா சரோசா. மூத்தவ மனசு இன்னும் குளிரலை. அம்புட்டுச் சேலை வச்சும் வழிவிட மாட்டேங்கிறா.”

“தங்கலைன்னா? ரத்தம் படுதா அத்தை?”

“ஆமா. நடுவுல நடுவுல படுது. எங்க, ஆம்பளப்பிள்ளைன்னா அந்த மகராசிக்கு ஆகமாட்டேங்குதே.”

சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஒருத்தியைக் கொன்ற முட்டாள்தனத்தை ஒரு எழுத்து மாற்றாமல் அடுத்தவளுக்கும் எடுத்து வைத்திருந்தார்கள். இந்தத் தடவை கூடுதலாகச் செத்தவள் மேலேயே பழியும் போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே அந்த வீட்டில் என் காலடி கடைசியாகியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு, நான் இத்தனை வருஷம் வெறுத்த அதே பேச்சை என் வாயால் பேசினேன்.

“அதுக்குத்தான் வந்தேன் அத்தை. அக்கா சொல்லித்தான் வந்த மாதிரி வச்சுக்கங்க. கே.கே. நகர்ல ஒரு நல்ல டாக்டரம்மா இருக்காங்களாம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

அத்தைக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! “மூத்தவ மனசு எளகிட்டாடி! கூடப்பொறந்தவளையே அனுப்பி வச்சிருக்கா!” என்று செல்வியின் தலையில் கை வைத்தார். படத்துக்கு முன்னாலிருந்த சேலையைக் கட்டச் சொன்னார். நிறைய மல்லிகைப் பூவை வைத்துவிட்டார். அத்தான் ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினார். கையில் பணம் கொடுத்து, “நல்லபடியாப் பாத்துட்டு வாங்கம்மா” என்றார். ஆண் வாரிசு என்ற ஒரு வார்த்தைக்கு அந்த வீட்டில் திறக்காத கதவே இல்லை.

ஆட்டோ தெற்குவாசல் தாண்டியதும் செல்வியிடம் உள்ளதைச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று விமானத்தில் வைத்து நிறைய யோசித்திருந்தேன். அதில் ஒன்றும் தேவைப்படவில்லை.

“லைனுக்குப் போயிட்டு வந்தா அவரு துணியத் துவைக்கிறது நாந்தானக்கா. எனக்குத் தெரியாதா?” என்றாள். ஆட்டோக்காரருக்குக் கேட்காமல் குரலை இறக்கினாள். “அவரு கூட இருந்த மறுநாத்தான் ரத்தம் படுது. அத்தைகிட்டச் சொன்னா சேலை வைக்கிறாங்க. அக்காவுக்கு எப்பிடி ஆரம்பிச்சுச்சு?”

“இப்பிடித்தான்.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அழவில்லை. இறங்கும்போது பூவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, “வாங்கக்கா, உள்ள போவோம்” என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

6

டாக்டரம்மா கறாரானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வெளிநாட்டுல இதுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுறாங்க. இங்க நாங்க கூப்பிட்டாலும் வரமாட்டாங்க. கட்டில்ல தூக்கிட்டுத்தான் வர்றாங்க” என்றார். செல்வியைப் பார்த்து, “நீ நடந்து வந்திருக்க. நல்ல புத்தி” என்றார்.

முடிவு வர சில நாள் ஆனது. அந்த நாட்களில் நான் அம்மா வீட்டில் தங்கியிருந்தேன். செல்விக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் அத்தானை என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. நல்லவேளை, அந்த இடத்துச் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, அவ்வளவுதான். புற்று இல்லை. விட்டிருந்தால் சில வருஷத்தில் ஆகியிருக்கலாம். ஒரு துணுக்கு எடுத்து அனுப்பி உறுதி செய்துகொண்டு, அந்த இடத்தைச் சூடு வைத்துப் பொசுக்கினார்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவின் உயிருக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

“ஆறுற வரைக்கும் புருஷன் கிட்ட வரக்கூடாது. அப்புறம் நிரோத் உறை இல்லாம வேணாம். அது எல்லாத்தையும் தடுத்துரும்னு நெனைக்காத, அவரு ஒழுங்கா இருக்கிறதுதான் முக்கியம். ஆறு மாசத்துல திரும்பச் சோதனை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். குழந்தை பெத்துக்கலாம். சோதனை சரியா வரட்டும், அதுவரைக்கும் பொறு” என்றார் டாக்டரம்மா. புருஷனை வரச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன் என்றும் சொன்னார்.

அவர் வருவாரா? “பொம்பள டாக்டர்கிட்ட ஆம்பளைக்கு என்னம்மா வேலை?” என்றார். நான் கடைக்கே போனேன். ஒரு விவசாயி பருத்திக்கு மருந்து வாங்க வந்திருந்தார். “அண்ணே, மூக்கைக் கட்டிக்கிட்டு அடிங்க. கையில உறை மாட்டிக்கங்க. வெஷம்ணே, அலட்சியமா இருக்காதீங்க” என்று அத்தான் அவருக்கு அத்தனை கரிசனமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதித்தது.

விவசாயி போனதும் டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

“எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கேன், பாக்குறேல்ல” என்றார்.

“நீங்க கல்லுதான் அத்தான். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பக்கத்துல படுக்கிறவங்கதான் சாகுறாங்க.”

முகம் கறுத்தது. கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கல்லாவுக்கு மேலிருந்த அக்கா படத்தைப் பார்த்தார். சத்தம் இறங்கிவிட்டது. “அதுக்கு இல்லம்மா... நிரோத்தப் போய்... நான் எந்தக் கடையில நின்னு கேக்குறது? இந்த ஏரியாவுல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. வெக்கமா இருக்காது?” என்றார்.

அந்த மனிதர் எங்கெங்கே போய்வந்தார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அங்கெல்லாம் வராத வெட்கம், பெட்டிக்கடை வாசலில் நின்றால் வந்துவிடுகிறது. நான் பார்த்த ஆண்களில் இவரைவிடக் கெட்டவர்கள் இருக்கலாம், இவ்வளவு அற்பமான ஒருவரைப் பார்த்ததில்லை. அதை அப்படியே சொல்லிவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினேன்.

7

ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் செல்வியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். டவுனில் மெடிக்கல் ஷாப்பில் நானே நிரோத் வாங்கி, பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“இது தீந்தா அடுத்து பர்மிங்ஹாமுக்கா எழுதிக் கேக்கட்டும்? வாங்கக்கா என் கூட” என்று செருப்பை மாட்டினாள்.

நடந்துகொண்டே சொன்னாள். அத்தானிடம் பேசிவிட்டாளாம். “உறை இல்லைன்னா பாய் இல்லைன்னுட்டேன். ரெண்டு நாளு கடையிலயே போய்ப் படுத்தாரு. படுங்கன்னு விட்டுட்டேன். மூணாம் நாளு வந்து, ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்ங்கிறாரு. எங்க அண்ணனுங்க புதுக்கோட்டையில இருந்து வந்து கேட்டா மட்டும் போகாதான்னேன். அப்புறம் பேச்சே இல்லை.”

“அத்தை?”

“அவங்களுக்கு ஆம்பளப்பிள்ளை வேணுமாம். உசுரோட இருந்தாத்தான பெறுவேன்னேன். எந்திரிச்சு சாமி ரூமுக்குப் போயிட்டாங்க.”

தெருமுனையில் பெட்டிக்கடை. குழாயடியில் தண்ணீருக்குக் குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள், எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். கடையில் வாழைப்பழத்தார், சோப்பு, ஊதுபத்தி, அதற்குப் பின்னால் ஆணியில் சிவப்பு முக்கோணம் போட்ட நிரோத் பாக்கெட்டுகள் தூசி படிந்து தொங்கின. அரசாங்கம் எல்லாப் பெட்டிக்கடைக்கும் அதைக் கொடுத்திருக்கிறது. இந்தத் தெருவில் பகலில் அதைக் கேட்டு வாங்கிய ஆள் ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டார்.

“என்ன தங்கச்சி, வெத்தலையா?” என்றார் கடைக்காரர்.

“இல்லண்ணே. நிரோத் குடுங்க.”

குழாயடியில் பேச்சு நின்றது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். “அது... அண்ணனை வரச் சொல்லும்மா. பொம்பளைங்க கேட்டு...”

“அவருக்கு வெக்கமாம்ண்ணே” என்றாள் செல்வி. குரலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. “எனக்கு உசுரு வேணும். குடுங்க.”

அந்தத் தெருவிலேயே அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் அக்கா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

கடைக்காரர் ஆணியிலிருந்து பாக்கெட்டைக் கழற்றித் தூசியைத் துடைத்தார். பழைய பேப்பர் ஒன்றைக் கிழித்து அவசர அவசரமாகச் சுற்றப் போனார்.

“சுத்த வேணாம்ண்ணே. அப்பிடியே குடுங்க” என்றாள். வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, குழாயடி வழியாகவே வீட்டுக்கு நடந்தாள்.